சந்தா ரசீதும் பீரோவுக்குள் இருந்த சர்டிபிகேட்டும்

12 ஜனவரி 2025, காலை

இந்த இணைய இழையை ஆரம்பித்தவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்: "பல்கலைக்கழகங்களுக்கு ஒரு அகில இந்திய சங்கம், வாத்தியார்களுக்கு ஒரு அகில இந்திய சம்மேளனம், மாணவர்களுக்கு நாலைந்து அமைப்பு. கூடுகிறார்கள், தீர்மானம் போடுகிறார்கள், கலைகிறார்கள். இதனால் சேலத்தில் சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்க்கிறவனுக்கு எட்டணா பிரயோஜனம் உண்டா? சந்தா ரசீதைத் தவிர?"

இல்லை. எட்டணாகூட இல்லை. 2011-லிருந்து 2019 வரை அப்படியொரு பொறியியல் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவன் சொல்கிறேன்.

12 ஜனவரி, இரவு

காலையில் பஸ்ஸில் நின்றபடி தட்டிவிட்டேன். கோபம் இருந்தது, யோசனை இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக்கான ஏஐசிடிஇயும் சங்கங்கள் இல்லை, சட்டத்தால் வந்த அமைப்புகள். யுஜிசிக்கு 1956-லும் ஏஐசிடிஇக்கு 1987-லும் சட்டம் வந்தது. சங்கம் என்றால் நாமே கூடி, நாமே காசு போட்டு நடத்துவது. அப்படிப் பார்த்தால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், ஏஐயு, ஒரு சங்கம்தான். ஆனால் அதில் உறுப்பினர் நீங்களும் இல்லை, நானும் இல்லை. பல்கலைக்கழகங்கள்தான் உறுப்பினர்கள். கருப்பூர்ப் பக்கம் இருக்கிற நம் பெரியார் பல்கலைக்கழகம் அதில் உண்டு. அதன்கீழ் வரும் கல்லூரியில் பாடம் எடுக்கிறவனுக்கு அங்கே நாற்காலி கிடையாது.

வாத்தியார்களுக்கு ஏஐஃபக்டோ, 1962-ல் தொடங்கிய சம்மேளனம். தமிழ்நாட்டில் அதற்கும் முந்தையது ஏயுடி. மதுரைப் பக்கம் மூட்டா. அரசுக் கல்லூரிக்காரர்களுக்குத் தனிச் சங்கம். மாணவர் அமைப்புகளில் மூத்தது 1936-ல் லக்னோவில் பிறந்த ஏஐஎஸ்எஃப். எஸ்எஃப்ஐ 1970-ல் திருவனந்தபுரத்தில். மற்றவற்றின் கொடிகளை நம் கல்லூரி வாசல்களில் பார்த்திருப்பீர்கள். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வாசலில்தான் பார்த்திருப்பீர்கள்.

13 ஜனவரி

"ஏஐயு என்னதான் செய்கிறது?" என்று இன்னொருவர்.

1924-ல் சிம்லாவில் பல்கலைக்கழகங்கள் கூடிப் பேசி, 1925-ல் பம்பாயில் ஆரம்பித்தார்கள். அப்போது பெயர் இன்டர் யூனிவர்சிட்டி போர்டு, 1973-ல்தான் இப்போதைய பெயர். அதாவது இந்த வருஷம் நூறு. அன்றைக்கு ஒரு பல்கலைக்கழகத்துப் பட்டத்தை இன்னொன்று மதிக்குமா என்பதே கேள்வி. சென்னையில் பி.ஏ. படித்தவனைப் பம்பாயில் எம்.ஏ.வில் சேர்த்துக்கொள்வார்களா? யாராவது உட்கார்ந்து ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வேலையின் நீட்சிதான் வெளிநாட்டுப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்கு இணை என்று சான்று தருவது. என் அத்தை பையன் மலேசியாவில் படித்துவிட்டு வந்தான். இங்கே பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கப் போனபோது "ஏஐயு சான்று எங்கே?" என்று கேட்டார்கள். அதுவரை வீட்டில் யாரும் அந்த மூன்று எழுத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. அத்தை அதை ஏதோ இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் விளையாட்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கபடி, கைப்பந்து, தடகளம் எல்லாம் ஏஐயு பெயரில்தான் நடக்கின்றன. தென்மண்டலப் போட்டிக்குப் போய்வந்த பையன் அந்தச் சான்றிதழை ஆயுசுக்கும் பத்திரமாக வைத்திருப்பான், வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போடலாம். ஆக எட்டணா என்ன, சிலருக்கு வேலையே கிடைத்திருக்கிறது. நேற்றுக் காலை சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

விடுமுறை, கொஞ்சம் நீளமாக எழுதலாம். "நீங்கள் ஏன் வேலையை விட்டீர்கள்?" என்று கேட்டவருக்கு.

வேலையில் சேர்ந்த அன்று பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பி.எஸ்சி., எம்.எஸ்சி., எம்.ஃபில் எல்லாவற்றின் ஒரிஜினலையும் வாங்கிக்கொண்டார்கள். "வெரிஃபிகேஷனுக்கு, நாளைக்குத் தந்துடறோம் சார்." பழுப்புக் கவர், மேலே என் பெயர், ஒரு குண்டூசி. கவர் பச்சை பீரோவுக்குள் போனது. அந்த நாளை வர எட்டு வருஷம் ஆனது.

சேலம் சுற்றுவட்டாரத்தில் இது அன்று ஊரறிந்த வழக்கம். எல்லோருடைய கவரும் பீரோவில் இருந்ததால் யாரும் அதைக் குறையாகவே நினைக்கவில்லை. வேறு இடத்தில் இன்டர்வியூ என்றால் ஒருநாளைக்கு இரவல் கேட்க வேண்டும், "பாஸ்போர்ட் எடுக்கணும்" என்று பொய் சொல்லி. என் துறையில் மட்டும் ஒரே வருஷத்தில் ஆறு பேர் பாஸ்போர்ட் எடுத்தோம். ஒருவரும் விமானம் ஏறவில்லை.

2019 மே மாதம் ராஜினாமா கொடுத்தேன். தாளாளர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வியர்த்தது. "மூணு மாசச் சம்பளம் கட்டிட்டு எடுத்துக்கங்க" என்றார். கல்லூரி எனக்குப் பாக்கி வைத்திருந்ததே இரண்டு மாதச் சம்பளம்.

இங்கேதான் சர்க்குலர் சார் வருகிறார். அவர் உண்மைப் பெயரை எழுதமாட்டேன். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சங்கத்தின் பழைய ஆள். அஸ்தம்பட்டியில் ஒரு டீக்கடையில் சாயந்திரம் ஆறு மணிக்கு மஞ்சப்பையோடு உட்கார்ந்திருப்பார். பைக்குள் நகலெடுத்த அரசாணைகள், சுற்றறிக்கைகள், சங்க மாத இதழ். நாங்கள் இளவட்டங்கள் அவரைப் பார்த்துச் சிரிப்போம். "1987 ஸ்ட்ரைக் வந்திருச்சு, டீ சொல்லுங்கப்பா" என்று கிண்டல். 1987-ல் யுஜிசி ஊதிய விகிதத்துக்காக ஏஐஃபக்டோ நடத்திய நாடு தழுவிய வேலைநிறுத்தத்தைப் பற்றி அவர் தொடங்கினால் கடை மூடும்வரை முடியாது.

அவரிடம் போய் நின்றேன். நான் சங்க உறுப்பினன் இல்லை. எங்கள் கல்லூரியில் சங்கம் என்ற சொல்லை ஸ்டாஃப் ரூமில் உரக்கச் சொன்னால் அடுத்த செமஸ்டர் டைம்டேபிளில் பெயர் இருக்காது. அவர் ரசீது புத்தகத்தை நீட்டவும் இல்லை. "எழுதிக் கொடுத்தியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை, வாயால்தான் கேட்டேன் என்றேன். "வாயால கேட்டா அது கெஞ்சல் தம்பி. எழுதிக் கேளு."

ஒரே பக்கம். பெறுநர், பொருள், அதற்குக் கீழே 'பார்வை', அதாவது எந்த ஆணையை வைத்துக் கேட்கிறோம் என்ற வரி. அந்தப் பார்வைக்குத்தான் அவர் பையைத் துழாவினார். ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்திருக்கக் கூடாது என்ற ஏஐசிடிஇ சுற்றறிக்கை. எண், தேதியோடு எழுத வைத்தார். "பார்வை இல்லாத கடிதம் குருட்டுக் கடிதம்" என்றார், தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். நகல் மூன்று இடங்களுக்கு. சேலம் தலைமைத் தபால் நிலையத்தில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்.

பதினொரு நாளில் கூப்பிட்டார்கள். கவரை ஆபீஸ் சூப்பரிண்டெண்ட்தான் கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு வருஷம் அந்தக் குண்டூசி உள்ளே இருந்து துருப்பிடித்து எம்.எஸ்சி. பட்டத்தின் இடது மூலையில் செம்மண் நிறத்தில் ஒரு பொட்டு. இன்றைக்கும் அந்தப் பட்டத்தை எங்கே காட்டினாலும் "இது என்ன சார் கறை?" என்று கேட்கிறார்கள்.

16 ஜனவரி

திருத்தம். பழைய டைரியைப் பார்த்தேன். பதினொரு நாள் இல்லை, பத்தொன்பது. பிளஸ் டூ மார்க்‌ஷீட் கவரில் இல்லாமல், அதற்கு அப்புறம் ஒரு வாரம் கழித்துக் கூரியரில் வந்தது. வெற்றிக் கதையில் நாட்கள் தானாகவே குறைந்துவிடுகின்றன.

பாக்கிச் சம்பளம் வரவில்லை. அதற்கும் ஒரு கடிதம் எழுதினோம், ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது.

2 பிப்ரவரி

"உங்களுக்குக் கிடைத்தது ஒரு பெரியவரின் உதவி. இதில் அகில இந்திய சங்கம் எங்கே வந்தது?" இழையை ஆரம்பித்தவர்தான், மறுபடியும். நல்ல கேள்வி. இரண்டு வாரம் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் தெரியவில்லை.

இப்போது தோன்றுவது இது. அவரிடம் அந்தச் சுற்றறிக்கை ஏன் இருந்தது? எங்களில் ஒருவனிடமும் ஏன் இல்லை? இத்தனைக்கும் அது எங்களைப் போன்ற தொழில்நுட்பக் கல்லூரிக்காரர்களுக்கு வந்த காகிதம், அவருக்கு அதில் ஒரு ஆதாயமும் கிடையாது. கூட்டத்துக்குப் போகிறவர், அங்கே பேசுகிறவர்களுடன் பழகுகிறவர், மாத இதழை வரிவிடாமல் படிக்கிறவர், பயன்படும் என்று நகலெடுத்து வைக்கிறவர். டெல்லியில் வெளியாகிற ஒரு தாள் அஸ்தம்பட்டி டீக்கடை வரைக்கும் வந்துசேர ஒரு வழி வேண்டும். அந்த வழியை நாற்பது வருஷம் சந்தா கட்டியவர்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் காசு கட்டாமல் அதில் நடந்தேன்.

அதே சமயம் இதையும் சொல்லியாக வேண்டும். அவர் போன்றோர் போராடி வாங்கிய ஊதிய விகிதம் அவர்களுக்கு வந்தது, பென்ஷனும் வந்தது. எங்களுக்கு வரவில்லை. நான் இப்போது அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000, வருஷத்துக்குப் பதினொரு மாதம். மே மாதத்தில் எங்களுக்கு வயிறு கிடையாது என்று அரசாங்கம் முடிவு செய்திருக்கிறது. 2019 ஜனவரியிலேயே யுஜிசி, கௌரவ ஆசிரியருக்கு வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 என்று சொல்லிவிட்டது. அந்தக் காகிதமும் என் கையில் இருக்கிறது, பார்வையில் போட்டும் பார்த்தோம். எல்லாப் பூட்டுக்கும் அந்தச் சாவி சேரவில்லை.

3 பிப்ரவரி

"கௌரவ" என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்கள் என்று ஒருவர். கல்யாண வீட்டில் சாப்பாடு போடாமல் சந்தனம் மட்டும் பூசி அனுப்புகிற கௌரவம் அது.

20 பிப்ரவரி

ஐஎஸ்டிஇ பற்றிக் கேட்டவருக்கு. அது தொழில்நுட்பக் கல்விக்கான சங்கம். 1941-ல் தொழில்நுட்பக் கல்லூரி முதல்வர்களின் சங்கமாகத் தொடங்கி, 1968-ல் எல்லா ஆசிரியர்களுக்குமானதாக மாறியது. பயிற்சி வகுப்புகள் நடத்துவார்கள், மாணவர் கிளைகள் உண்டு. நான் அதில் ஆயுள் உறுப்பினர். எப்படி ஆனேன் என்று கேட்காதீர்கள்.

சரி, சொல்கிறேன். கல்லூரியின் தரத்தை மதிப்பிடுகிற நாக் குழு வரப்போகிறது, "எத்தனை பேர் தொழில்முறைச் சங்க உறுப்பினர்?" என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டும் என்றார்கள். கல்லூரி நிர்வாகம் எல்லோருடைய சம்பளத்திலும் பிடித்துக்கொண்டு மொத்தமாகச் சேர்த்துவிட்டது. அட்டை வந்தது, நாங்கள் பார்த்தோம், அது ஃபைலுக்குப் போனது. சங்கத்தின்மேல் குற்றமில்லை, நல்ல நோக்கத்துக்கு வைத்த கதவு. எங்களை மந்தையாக ஓட்டிக்கொண்டு போய் உள்ளே தள்ளியவர்கள் வேறு.

அந்த நாக் வாரத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு. ஏற்காட்டு நர்சரி ஒன்றிலிருந்து இரண்டு டெம்போ நிறையப் பூந்தொட்டி, வாடகைக்கு. ஜெரேனியம், ஹைட்ரேஞ்சியா. மலையில் குளுகுளுவென்று வளர்ந்த செடி, கீழே சேலத்து வெயிலில் மூன்றாம் நாள் மத்தியானம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. குழு சாயந்திரம் தோட்டத்தைப் பார்க்கும் என்றதும் ஹாஸ்டல் பையன்கள் வாளியோடு ஓடினார்கள். எனக்குக் கொடுத்த வேலை, நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிற மாதிரி இருப்பது. நிஜமாகவே படித்தேன். அந்த எட்டு வருஷத்தில் நூலகத்தில் நிம்மதியாகக் கழிந்த மூன்று நாள் அவைதான்.

9 மார்ச்

இழையை ஆரம்பித்தவர் இன்று வாயைத் திறந்தார். அவருடைய ஒரிஜினலும் ஒரு பீரோவில்தான் இருக்கிறதாம். வேறு கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டது, ஜூனில் சேர வேண்டும். ஜனவரியிலிருந்து "பிரயோஜனம் உண்டா, பிரயோஜனம் உண்டா" என்று கேட்டதன் அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது. முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை வரலாறு எழுதியிருக்கமாட்டேனே ஐயா.

கடிதத்தின் மாதிரியைத் தனியாக அனுப்பிவிட்டேன்.

18 ஏப்ரல்

ஜனவரி 13-ல் எழுதியதைத் திருத்த வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்று தருவது இனி யுஜிசியின் வேலை என்று இந்த மாதத் தொடக்கத்தில் புதிய விதிமுறை வந்துவிட்டது. இணையதளத்தில் விண்ணப்பித்தால் நிலைக்குழு பார்த்து முடிவு சொல்லுமாம். மருத்துவம், சட்டம், நர்சிங், கட்டடக் கலை போன்றவை இதில் சேராது, அவற்றுக்கு அந்தந்த கவுன்சில். ஆக, நூறாவது வருஷத்தில் ஏஐயு கையிலிருந்து அதன் பழைய வேலை போகிறது. அத்தையிடம் சொன்னேன். "இன்சூரன்ஸ் கம்பெனியை மூடிட்டாங்களா?" என்றார்.

சர்க்குலர் சாரிடமும் சொன்னேன். "சங்கம் செய்ததை அரசு எடுத்துக்கிட்டா பேரு சட்டம். அரசு செய்யாததை நாம செஞ்சா பேரு சங்கம்" என்றார். அழகாகத்தான் இருக்கிறது. அவர் இதை ஏற்கெனவே எங்கோ மேடையில் பேசியிருப்பார் என்று சந்தேகம்.

11 மே

"எல்லாம் வாத்தியார் கதையாகவே இருக்கிறது, மாணவர்களுக்கு?" என்று கேட்டவருக்கு ஒன்று.

போன வருஷம் எங்கள் கல்லூரிக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாகலூர்ப் பக்கம் மலைக் கிராமம், மலையாளிப் பழங்குடி, குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவள். அப்பா காப்பித் தோட்டத்தில் கூலி, சொந்தமாகக் கொஞ்சம் மிளகுக் கொடி. முதலில் அடிவாரத்துப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் இரண்டாம் கட்டக் கலந்தாய்வில் எங்கள் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே டி.சி. கேட்டால் மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டச் சொன்னார்கள். ஜாதிச் சான்றிதழ் உட்பட எல்லாம் அவர்களிடம்.

அவள் அப்பா இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி மூன்று தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி போச்சு. மூன்றாவது தடவை எங்கள் துறை வாசலில் நின்றார், செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தார். "போட்டுட்டே வாங்கண்ணா" என்றால் கேட்கவில்லை.

இந்தத் தடவை பார்வையில் போட்டது 2018 அக்டோபரில் யுஜிசி வெளியிட்ட அறிவிக்கை. மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பத் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது: 100, 90, 80, 50 சதவீதம், கடைசியில் பூஜ்யம். அதற்கு மேல் 2024-25 கல்வியாண்டுக்குத் தனியாக, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணமும், அக்டோபர் 31 வரை என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். நாங்கள் எழுதியது செப்டம்பர் 12. கூடவே 2023 விதிமுறைப்படி அந்தக் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவுக்கு ஒரு நகல். பதினைந்து வேலை நாளில் குழு முடிவு சொல்ல வேண்டும், தவறினால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

குழு என்று ஒன்று அங்கே இருந்ததா என்பதே சந்தேகம். ஆனால் கடிதம் போன ஐந்தாம் நாள் சான்றிதழ் வந்துவிட்டது. பணம் நவம்பரில் வந்தது, 500 குறைவாக. "என்ன 500 சார்?" என்று அவள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அப்பா "விடும்மா" என்றார். எனக்கு விட மனமில்லை, ஆனால் விட்டுவிட்டேன். அது இப்போதும் உறுத்துகிறது.

இதில் எந்த மாணவர் அமைப்பும் வரவில்லை. வந்திருந்தால் வாசலில் ஒரு கொடியும் கோஷமும் இருந்திருக்கும், 500-ஐயும் விட்டிருக்கமாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. வாத்தியார் என்கிறவன் கடிதம் எழுதுவான், 500-க்கு மேல் சண்டை போடமாட்டான்.

12 மே

ஒருவர், "அவளுடைய அப்பாவைத் தடுத்திருக்க வேண்டியது யார்?" என்று கேட்டார். புரியவில்லை. விளக்கமாக எழுதுங்கள்.

13 மே

விளக்கினார். முதலிலேயே அவசரப்பட்டுப் பணம் கட்டாமல் இருந்திருக்கலாமே என்கிறார். அரசுக் கல்லூரி இடம் கைக்கு வரும்வரை காத்திரு என்று சொல்ல மேலே மலையில் ஆள் இல்லை. எங்கள் என்எஸ்எஸ் முகாம் ஏழு நாள் ஏற்காட்டுக் கிராமத்தில்தான் நடந்தது. சாலையோரம் குப்பை பொறுக்கினோம், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தோம், சேர்வராயன் கோயிலுக்கு நடந்து போய்வந்தோம். பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோரோடு ஒரு மணிநேரம் உட்கார்ந்து, எந்தத் தேதிக்குக் கலந்தாய்வு, எதைக் கையில் கொடுக்கக் கூடாது என்று பேசியிருக்கலாம். ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

29 ஜூன்

இழையை ஆரம்பித்தவரிடமிருந்து செய்தி. எல்லாச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டன. இருபத்திரண்டு நாள். புதுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். அங்கே முதல் நாளே ஒரிஜினலைக் கேட்டார்களாம். "பார்த்துட்டுக் கையோட கொடுங்க" என்று மேசை பக்கத்திலேயே நின்றிருக்கிறார். கொடுத்துவிட்டார்கள்.

படம் ஒன்றும் அனுப்பியிருந்தார், பி.எஸ்சி. பட்டத்தின் இடது மூலை. அதே செம்மண் நிறப் பொட்டு. ஒரே கடையில்தான் குண்டூசி வாங்குகிறார்கள் போல. கறை இனியும் பரவாமல் லேமினேட் செய்துவிடட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம். லேமினேட் செய்தால் பின்னாடி முத்திரை குத்த வேண்டிய இடங்களில் வாங்கமாட்டார்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், ஊசி குத்தாமல்.